பாத்திரம் கழுவும் தண்ணீரில் தொடங்கும் வீட்டுத்தோட்டம்: ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் காய்கறி வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விதைப் பாக்கெட்டைத்தான் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பை மாற்றுங்கள் என்பேன். தோட்டம் அப்புறம்.

காரணம் எங்கள் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலை மரம். திருச்சியில் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோதே தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. சமையலறைத் தண்ணீர் வீணாகப் போகிறதே என்று குழாயை அதன் பக்கம் திருப்பிவிட்டேன். சில மாதங்களில் இலை வெளுத்தது, ஓரம் கருகியது. மரத்தடி மண் வெள்ளையாகப் பூத்துப் போய், ஊற்றின தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. சலவைத்தூளிலும் பாத்திரத் தூளிலும் இருக்கும் சோடியம் உப்புகள் மண்ணில் சேரச் சேர, களிமண் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். மண் இறுகும், வேர் மூச்சு முட்டும். மரம் பிழைத்தது, ஆனால் தெளிய ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுத்தம் செய்வதும் செடி வளர்ப்பதும் இரண்டு வேலைகளாக இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து வெளியே போகும் தண்ணீர் செடிக்கு ஆகுமா என்பதுதான் எதை வாங்குவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் கேள்வி. அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பூந்திக்கொட்டைக் கரைசல்

நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை கிடைக்கும். சில ஊர்களில் பூவந்திக்கொட்டை என்று கேட்க வேண்டும். அதன் தோலில் இருக்கும் சபோனின்தான் நுரைக்கிறது, எண்ணெயைப் பிரித்து எடுக்கிறது. சீயக்காயில் இருப்பதும் இதே வகைப் பொருள்தான். பட்டுப்புடவையை நம் பாட்டிகள் எதில் அலசினார்கள் என்பது தெரிந்ததுதானே.

கொட்டையைத் தட்டி உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள். தோல் மட்டும் 100 கிராம் எடுத்து, 2 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். அடுப்பை விட்டு நகராதீர்கள், பொங்கி வழியும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் தேன் நிறத்தில் கரைசல் கிடைக்கும். சக்கையை இன்னொரு முறை அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் கொஞ்சம் மெலிதான கரைசல் வரும். அது தரை துடைக்கப் போதும்.

வெளியில் வைத்தால் நான்கைந்து நாள்தான் தாங்கும். பிறகு புளித்த வாடை வரும். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். அதனால் ஒரு மாதத்துக்கானதை ஒரேயடியாகச் செய்து வைக்காதீர்கள்.

கடைச் சோப்பு அளவுக்கு நுரை வராது. நுரை குறைவு என்பதற்காக அழுக்குப் போகவில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு கிண்ணத்தில் கால் கப் கரைசலும் அதே அளவு தண்ணீரும் ஊற்றி, நாரை அதில் முக்கித் தேயுங்கள். எண்ணெய் பிசுபிசுக்கும் வாணலிக்கு மட்டும் இது தனியாகப் போதாது. முதலில் ஒரு ஸ்பூன் சீயக்காய்த் தூளோ, வண்டு விழுந்து ஒதுக்கிய கடலைமாவோ தூவி உலர்வாகத் துடைத்தால் எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். அப்புறம் கரைசல் போட்டால் வழுவழுப்பு நிற்காது.

இரண்டு எச்சரிக்கை. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சபோனின் மீன்களுக்கு நஞ்சு. மீன் தொட்டியிலோ குளத்திலோ இந்தத் தண்ணீர் போகக் கூடாது.

புளி, எலுமிச்சை, சாம்பல்: எது எதற்கு

பித்தளைக்கும் செம்புக்கும் புளியும் கல்லுப்பும் போல வேறொன்று இல்லை. ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையை எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தாலே வாரம் ஒரு முறை விளக்கு துலக்கப் போதும். புளியின் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைக்கிறது. துலக்கியதும் நன்றாக அலசி, உடனே துணியால் ஈரம் ஒற்றி, கடைசியில் துளி விபூதியை உலர்வாகத் தேய்த்து வையுங்கள். ஈரத்தோடு விட்டால் அடுத்த நாளே மங்கிவிடும்.

விறகடுப்புச் சாம்பல் கிடைக்கிறவர்கள் பாக்கியசாலிகள். சாம்பலில் இருக்கும் காரம் எண்ணெயோடு சேர்ந்து தானே சோப்பாகிறது. சலித்து, கரித்துண்டு இல்லாமல் எடுத்து, எவர்சில்வருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அலுமினியத்துக்கு வேண்டாம், காரம் அதை அரிக்கும். பெயின்ட் அடித்த பலகையையோ பிளைவுட்டையோ எரித்த சாம்பலை எதற்குமே தொட வேண்டாம்.

இரும்புத் தோசைக்கல்லுக்கு இது எதுவுமே தேவையில்லை. வெந்நீரில் நாரால் தேய்த்து, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவி வைத்தால் முடிந்தது.

அடுத்துச் சொல்லப்போவதை நான் கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். இயற்கையானது என்றால் எதன்மீதும் போடலாம் என்று எண்ணி, எலுமிச்சைத் தோலால் எங்கள் சமையல் மேடையின் கடப்பாக் கல்லைத் தேய்த்தேன். கறை போனது, கூடவே பளபளப்பும் போய் வெளிறிய தடம் விழுந்துவிட்டது. கடப்பாக் கல் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். எந்த அமிலமும் அதைக் கரைக்கும். மார்பிளும் அப்படித்தான், மார்பிள் சில்லு பதித்த மொசைக்கும், சிமென்ட் தரையும், ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். இவற்றுக்குப் பூந்திக்கொட்டைக் கரைசல் மட்டும் போதும். புளி, எலுமிச்சை, வினிகர், பழத்தோல் நொதிக்கரைசல் எல்லாம் செராமிக், விட்ரிஃபைடு டைல்ஸோடு நிற்கட்டும்.

பழத்தோல் நொதிக்கரைசல்

பயோ என்சைம் என்று இப்போது எல்லோரும் பேசுவது இதைத்தான். 1 பங்கு வெல்லம், 3 பங்கு எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல், 10 பங்கு தண்ணீர். எடைக் கணக்கில் 100 கிராம், 300 கிராம், 1 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்குமாறு பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி மூடுங்கள். கண்ணாடி வேண்டாம், உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். முதல் மாதம் தினமும் ஒரு முறை மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள். அதன்பிறகு வாரம் ஒருமுறை போதும். மூன்று மாதத்தில் வடிகட்டலாம். தேதி எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

இதைப் பற்றி ஊரில் நிறைய மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் இது ஒரு நல்ல, வாசனையான, மிதமான அமிலம். போர் தண்ணீர் உப்புக்கறை படிந்த குளியலறை டைல்ஸ், குழாய் முனை ஆகியவற்றில் அப்படியே ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் நன்றாக வேலை செய்யும். தரைக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர். எண்ணெய்ப் பிசுக்குக்குப் பூந்திக்கொட்டைதான் மேல். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கழிவறையைச் சுத்தம் செய்ய இதை நம்பாதீர்கள். அப்போது பிளீச்சிங் பவுடர்தான் சரி. அந்தத் தண்ணீரைச் செடிப்பக்கம் விடாமல் சாக்கடைக்கு அனுப்புங்கள்.

பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சை, வினிகர், இந்த நொதிக்கரைசல், கடையில் விற்கும் கழிவறை ஆசிட் எதையும் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைக் கெடுக்கும். ஒன்றைப் பயன்படுத்தினால் நன்றாக அலசிவிட்டு, இன்னொன்றை வேறொரு நாள் பயன்படுத்துங்கள். சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்தால் ஆபத்தில்லை, ஆனால் பயனும் இல்லை. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, பொங்கி அடங்கி, உப்புத் தண்ணீராக நிற்கும். தனித்தனியே பயன்படுத்தினால்தான் இரண்டுக்கும் வேலை உண்டு.

தண்ணீர் எங்கே போக வேண்டும்

சோப்பை மாற்றி ஒரு மாதம் ஆன பிறகு தண்ணீரைத் திருப்புங்கள். கொல்லைப்புறம் கொஞ்சம் மண் இருந்தால் குழாய் முனையில் அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, அதைச் சுற்றிக் கல்வாழை, சேம்பு, பிறகு இரண்டு வாழை வையுங்கள். மூன்றுக்கும் ஈரம் பிடிக்கும். இந்தத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைக்காதீர்கள், ஒரே நாளில் நாறும். கீரை, கொத்தமல்லி, புதினா போன்றவற்றின் இலைமேல் ஊற்றாதீர்கள்.

அடுக்கக வீட்டில் இருப்பவர்களால் குழாயைத் திருப்ப முடியாது. அவர்கள் அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை மட்டும் ஒரு வாளியில் பிடித்தால் போதும். எங்கள் வீட்டில் மாடிச் செடிகளுக்கும் அந்தத் தண்ணீர்தான் போகிறது. பாத்திரத் தண்ணீர், எந்தச் சோப்பானாலும், மாடியில் செடி வளர்க்கும் பைகளுக்கு வேண்டாம். தரையில் சேரும் உப்பை மழை அடித்துக்கொண்டு போகும். பைக்குள் சேருவது அங்கேயே தங்கும். உப்புப் போட்டுக் காய் வேகவைத்த தண்ணீரையும் இதே காரணத்துக்காக ஊற்றக் கூடாது.

தோல், சருகு, வாளி

மண் தயாராகும் முன்னே உரம் தயாராக வேண்டும். 25 லிட்டர் மூடி போட்ட வாளி இரண்டு எடுத்து, அடியிலும் பக்கத்திலும் விரல் நுழையாத அளவு ஓட்டைகள் போடுங்கள். செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடியில் நாலு விரல் உயரம் காய்ந்த சருகு. அன்றன்றைய காய்த்தோல், பழத்தோல், டீத்தூள் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் போட்டு, அதற்கு இரண்டு மடங்கு சருகால் மூடுங்கள். முதல் நாள் ஒரு கரண்டி புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும். சமைத்த சோறு, எண்ணெய்ப் பதார்த்தம், மீன், இறைச்சி வேண்டாம். எலி வரும்.

கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. புளித்த நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு போட்டுக் கிளறுங்கள். வாரம் ஒரு முறை கிளறினால் போதும். பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் வந்தால் பதற வேண்டாம், அவை கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள், உங்கள் வேலையைத்தான் செய்கின்றன. நாங்கள் நாலு பேர், ஒரு வாளி ஏறக்குறைய ஒரு மாதத்தில் நிறையும். நிறைந்ததை மூடி வைத்துவிட்டு அடுத்ததை நிரப்பத் தொடங்குங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் தோலின் அடையாளம் போய் மழை பெய்த மண் வாசம் வந்தால் சலித்து எடுக்கலாம். சலிப்பில் நின்றதை மீண்டும் புது வாளியில் போடுங்கள்.

மாடியும் மண்ணும்

நனைந்த மண்ணின் கனத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. 15 லிட்டர் கலவை நனைந்தால் 20 கிலோ வரை வரும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். தரையில் நேராக வைக்காமல் செங்கல் அல்லது பலகைமேல் வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது. அடியில் தட்டு வைப்பதாக இருந்தால் வாரம் ஒருமுறை கட்டாயம் கவிழ்த்துக் காயவையுங்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும்.

கலவைக்கு 2 பங்கு செம்மண், 1 பங்கு தென்னை நார்க்கழிவு, 1 பங்கு நம் வாளி உரம். ஒவ்வொரு பைக்கும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கலந்து, லேசாக நனைத்து, பத்து நாள் ஆறவிட்ட பிறகு விதையுங்கள். பிண்ணாக்கின் சூடு அடங்க வேண்டும்.

நார்க்கழிவுக் கட்டியை வாங்கியதும் அப்படியே கலக்காதீர்கள். என் முதல் பாத்திக் கீரை முழுக்க முளைத்த வாரத்திலேயே சுருண்டு போனது இதனால்தான். கட்டியில் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டியை 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்து, பிழிந்து, மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிழிந்து, இப்படி மூன்று முறை. பழுப்புத் தண்ணீர் வெளுத்து வரும் வரை செய்யுங்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் படவே கூடாது.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (கிட்) தருகிறது. பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அதில் வரும். உங்கள் வட்டார அலுவலகத்தில் விசாரியுங்கள்.

என்ன விதைப்பது, எப்போது

முதல் மூன்று மாதம் கீரை மட்டும். இதைக் கட்டளையாகவே சொல்கிறேன். முளைக்கீரை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை விரலளவு விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணி, பசலை, புதினா மூன்றுக்கும் விதை வாங்க வேண்டியதே இல்லை, கடையில் வாங்கிய கட்டில் முற்றின தண்டை நட்டால் போதும். கீரைக்கு 9 அங்குல ஆழம் தாராளம். விதை கடுகைவிடச் சிறியது, நாலு மடங்கு மணலில் கலந்து தூவி, மேலே விரல் நகக் கனத்துக்கு மட்டும் மண் தூவுங்கள். பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், பையைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு போடுங்கள்.

கீரை கை வந்த பிறகு வெண்டை. நேராகவே விதைக்கலாம், 45 நாளில் காய்க்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் நாராகிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நாற்று விட்டு 25 முதல் 40 நாளில் 15 அங்குலப் பைக்கு மாற்ற வேண்டும். ஒரு பைக்கு ஒரே செடி.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது வெறும் பழமொழி இல்லை. கொடி அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பகல் குறையும்போதுதான் பூக்கும் பயிர். ஆடியில் விதைத்தால் மார்கழி, தை மாதங்களில் பந்தல் நிறையக் காய்க்கும். மாசியில் விதைத்தால் இலையாகவே படர்ந்து கொண்டிருக்கும், நீங்கள் உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுவீர்கள். பீர்க்கு, புடலை, பாகலுக்கும் ஆடி நல்லது. தைப்பட்டத்தில் தக்காளி, வெண்டை, கொத்தவரை. ஐப்பசி அடைமழையில் கீரை விதைக்க வேண்டாம், அடித்துப் போய்விடும்.

கொடிகளில் பூ பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை என்று பலர் வருத்தப்படுகிறார்கள். முதலில் வருவது எல்லாம் ஆண் பூ, உதிரத்தான் செய்யும். காம்போடு சேர்த்துக் குட்டிக் காய் போல இருப்பது பெண் பூ. மாடியில் வண்டு குறைவு, அதனால் ஆண் பூவைப் பறித்து இதழை ஒதுக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பாகல், பூசணிக்கு இதைக் காலையில் செய்ய வேண்டும். பீர்க்கு சாயங்காலம்தான் பூக்கும், விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிக்குப் போங்கள்.

தண்ணீரைக் காலை வெயில் ஏறும் முன் ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கு விடுமுறை. சித்திரை வெயிலில் இரண்டு வேளை வேண்டும், பச்சை நிழல்வலையும் வேண்டும்.

பூச்சி

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ மூன்றும் வரும். தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம்தான் முதல் மருந்து. பத்துப் பூச்சி இருக்கும்போது விரலால் துடைத்து எறியலாம். மாவுப்பூச்சிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போகும்.

அதற்கு மேல் போனால் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, அங்கேதான் நம் பூந்திக்கொட்டைக் கரைசல் மறுபடி வருகிறது. முதலில் எண்ணெயோடு இரண்டு ஸ்பூன் கரைசலை நன்றாக அடித்து, பால் போல ஆனதும் தண்ணீர் சேர்த்துச் சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் கிடைத்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மி.லி. கலந்து தெளிக்கலாம். அது பூச்சி மருந்து அல்ல, செடிக்குத் தெம்பு தருவது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து மாதம் இரண்டு முறை வேரில் ஊற்றுகிறேன்.

மாடியில் விளையும் இலைகளுக்கு வீட்டுக்குள்ளும் வேலை உண்டு. நிழலில் உலர்த்திய வேப்பிலையும் நொச்சியும் அரிசிப் பானையில் வண்டைத் தள்ளி வைக்கும். துவரம்பருப்பில் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் தேய்த்து வெயிலில் உலர்த்தி வைத்தால் பல மாதம் கெடாது. துணி அலமாரிக்கு ரசகற்பூர உருண்டைக்குப் பதில் உலர்ந்த வேப்பிலைப் பொட்டலம்.

இரண்டு பீர்க்கங்காயை விட்டுவையுங்கள்

பீர்க்கு காய்க்கத் தொடங்கியதும் நல்ல நீளமான இரண்டு காய்க்குக் கயிறு கட்டி அடையாளம் வைத்து, பறிக்காமல் கொடியிலேயே முற்றவிடுங்கள். விதை எடுக்க நினைத்தால் நாட்டு ரகமாக இருக்க வேண்டும், கலப்பின விதையிலிருந்து எடுத்தது தாயைப் போல வராது. அதே கொடியில் வேறொரு காயைச் சமைக்கும் முன் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயைச் சாப்பிடவும் கூடாது, அந்தக் கொடியிலிருந்து விதை எடுக்கவும் கூடாது.

தோல் பழுத்து, பழுப்பேறி, காகிதம் போல உலர்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்போது பறியுங்கள். முனையை உடைத்துத் தலைகீழாகத் தட்டினால் கறுப்பு விதைகள் கொட்டும். அவற்றைச் சாம்பலில் புரட்டி, துணிப் பையில் முடிந்து, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். தோலை உரித்து, உள்ளிருக்கும் கூட்டை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, நாலு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு காயில் மூன்று துண்டு வரும். ஒரு துண்டு பாத்திரத்துக்கு ஒரு மாதம் உழைக்கும். தேய்ந்து பிய்ந்ததும் சிறிது சிறிதாகக் கிழித்து உர வாளியில் போட்டுவிடலாம். துணிப் பையில் முடிந்த விதைக்கு அடுத்த ஆடி வரை வேலை இல்லை.